வாய் பொத்திய கை

எங்கள் நெஞ்சு நோய் வார்டில் எல்லோரும் மூச்சு வாங்குவதைப் பற்றியே பேசினார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தர வந்த வாத்தியார் ஒருவர்தான் மூச்சு விடுவதைப் பற்றிப் பேசினார். “வாங்குறதுக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேணாம் சிஸ்டர், அது தானா வரும். நமக்கு விடத்தான் தெரியலை” என்பார். முதல் நாள் இதைக் கேட்டபோது, வேலை வெட்டி இல்லாத பெரிய வீட்டு மனுஷர் பொழுதுபோக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நினைத்ததை மனதிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. “அப்ப இந்த ஆக்சிஜன் சிலிண்டரை எல்லாம் திருப்பி அனுப்பிடலாமா சார்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவருக்குச் சிரிப்புகூட நீளமாக, சத்தமில்லாமல்தான் வரும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு ஊர் கூலித் தகராறு, கொடித் தகராறு, குத்தகைத் தகராறு. ஆஸ்பத்திரியில் மண்டை உடைந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்டு, மூச்சு முட்டி வருகிறவர்களுக்கு ஒரு வார்டு. நான் இரண்டாவதில் நர்ஸ். நெல் தூசி, வைக்கோல் தூசி, அரவை மில் தவிடு, ஈர விறகின் புகை, பீடி என்று ஆளுக்கொரு காரணத்தோடு வருவார்கள். தை பிறந்தால் கட்டில் போதாது. தரையில் பாய் விரிப்போம்.

வாத்தியாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மிராசுதார் குடும்பம், நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. படிப்பு முடிந்ததும் வடக்கே ஏதோ ஓர் ஆசிரமத்துக்குப் போய், மூன்று வருஷம் ஆசனமும் பிராணாயாமமும் கற்றுக்கொண்டு, பிழைத்து வந்தவர். அதை நோயாளிகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்று எங்கள் பெரிய டாக்டரிடம் வந்து நின்றார். டாக்டர் கடுகடுப்பான மனிதர். “தலைகீழா நிக்க வெச்சு யாரையும் கொன்னுடாதீங்க” என்று சொல்லி, சனி ஞாயிறு காலைகளில் வார்டு வராந்தாவைக் கொடுத்தார்.

தலைகீழாக எல்லாம் யாரையும் நிறுத்தவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்து உட்காரச் சொல்வார். தோளைத் தொங்கவிடச் சொல்வார். வயிற்றில் கையை வைத்து, அது எழும்பித் தாழ்கிறதா என்று பார்க்கச் சொல்வார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பியை எடுப்பார். அதற்குள் இலவம்பஞ்சு. ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தன் உள்ளங்கையில் வைத்து நோயாளியின் முகத்துக்கு நேரே நீட்டுவார். “உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. பஞ்சு பறக்கக் கூடாது, நகரணும்.” ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணுவார். ஆறுக்கு மேல் போகமாட்டார். “அதுக்கு மேல விட்டா வீம்பு” என்பார்.

அவர்கள் ஊதுகிற காற்று நேராக அவர் முகத்தில் படும். சளிப் பரிசோதனை முடிந்து, காசநோய் இல்லை என்று தெரிந்தவர்களைத்தான் அவரிடம் அனுப்புவோம். ஆனாலும் பீடி நாற்றம், புகையிலை நாற்றம், பல நாள் காய்ச்சலின் நாற்றம் எல்லாம் உண்டே. நாங்கள் நர்ஸுகளே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவர் திருப்பி நான் பார்த்ததில்லை.

“இதைச் செஞ்சா குணமாயிடுமா வாத்தியாரே?” என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “ஆகாது. கெட்டுப்போன நுரையீரலை நான் என்ன பண்ண முடியும்? முட்டுறப்ப பயந்து பயந்து இழுக்கிறீங்களே, அந்தப் பயம் குறையும். ரெண்டு படி கூட ஏறலாம். அவ்வளவுதான்.” இப்படிச் சொன்னால் யார் வருவார்கள் என்று நான் சண்டை பிடிப்பேன். ஆனால் வந்தார்கள். நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார், வயது அறுபதுக்கு மேல். “நடுக்கடல் காத்தையே தின்னு வளந்தவன், என்னைப் போயி பஞ்சை ஊதச் சொல்றான் பாரு இந்த வாத்தி” என்று வார்டு முழுக்கக் கேலி செய்வார். வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பஞ்சில் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனார்.

அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது வேறொரு நாளில். அரவை மில் தொழிலாளி ஒருவருக்கு வராந்தாவிலேயே மூச்சு அடைத்து முகம் நீலம் பூத்துவிட்டது. நான் ஊசி எடுக்க உள்ளே ஓடினேன். வாத்தியார் அந்த ஆளுக்கு எதிரே முழங்காலிட்டு, நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டு, “என்னைப் பாருங்க. என்னோட விடுங்க. விடுங்க…” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஊசியோடு வந்ததும் சட்டென்று விலகி வழிவிட்டார். ஆள் தெளிந்த பிறகு, “உங்க வித்தையாலதான் பொழைச்சான்” என்றேன், கொஞ்சம் குத்தலாக. “இல்லை சிஸ்டர், ஊசியாலதான். ஊசி வர்ற வரைக்கும்தான் நான்” என்றார். அன்றிலிருந்து நான் அவரைக் கிண்டல் செய்வது குறைந்தது, நிற்கவில்லை.

கிண்டலுக்கு இடம் கொடுத்தது தை மாசி மாதங்கள். ரோடெல்லாம் கதிரைப் பரப்பி, வண்டிச் சக்கரங்களிலேயே நெல்லை அடித்துக்கொள்கிற காலம். அவர் ஈரத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். “கல்யாணப் பொண்ணு வந்தாச்சு” என்போம். அந்த இரண்டு மாதமும் தன் கிராமத்துப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கமாட்டார். வைக்கோல் தூசு ஆகாது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்த அம்மா வந்தது ஓர் ஐப்பசி மழையில். அறுபதை நெருங்கியவள், எலும்பும் தோலும். வாழ்நாள் முழுக்கக் களத்தில் நெல் தூற்றியவள். அவளுடைய மகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு நடவுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை வாத்தியார் வராந்தாவுக்கு வந்ததும் அந்த அம்மா பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். “சின்னாண்டை!” என்றாள். அவர் குடும்பத்துப் பண்ணையாள் அவள். பண்ணைக்காரரை அந்தப் பக்கத்தில் ஆண்டை என்பார்கள், இவர் இளையவர் என்பதால் சின்னாண்டை.

“இங்க ஆண்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. உக்காருங்கம்மா” என்றார். ‘உக்காருங்க’ என்று அவர் சொன்னதில் அவள் மிரண்டே போனாள்.

அவளுக்குப் பயிற்சி வரவே இல்லை. நான் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் அழகாக ஊதுவாள். வாத்தியார் பஞ்சோடு எதிரே உட்கார்ந்தால் வலது கை தானாக மேலே போய் வாயைப் பொத்திக்கொள்ளும். கையை எடுக்கச் சொன்னால் எடுப்பாள், ஊதச் சொன்னால் மறுபடி பொத்துவாள். வெட்கமாக்கும், பிடிவாதமாக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “வாயில என்ன முத்தா வெச்சிருக்க? எடும்மா கையை” என்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பலமாகத்தான் தட்டினேன்.

அவள் என்னைப் பார்த்து, ரகசியம் சொல்வதைப் போல, “ஆண்டை மேல காத்து படுமே தாயி” என்றாள்.

நானும் சீர்காழிக்காரிதான். பண்ணையாட்கள் மிராசுதாருக்கு முன்னால் வாய் பொத்தி நின்று பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள்தான். தங்கள் மூச்சு அவர்கள் மேல் படக்கூடாது என்று பிறந்தது முதல் பழக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தை ஒரு பெண்ணிடம் நேரில் பார்த்தும் தெரிந்துகொள்ளாமல் கையை ஓங்கியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை எனக்கே பிடிக்கவில்லை.

வாத்தியார் டப்பியை மூடினார். பிறகு திரும்பி, அவளுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பஞ்சை வைத்த கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். “இப்ப நான் உங்களைப் பாக்கலை. ஊதுங்க” என்று சுவரிடம் சொன்னார். பஞ்சு நகர்ந்தது. கார்த்திகை முழுக்க இப்படியே நடந்தது. மார்கழியில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். நேருக்கு நேர் மட்டும் அவளால் முடியவே இல்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது, கேட்காமலே என்னிடம் சொன்னார். “எங்க களம் முன்ன வீட்டுக்குக் கிழக்கே இருந்துது சிஸ்டர். தையில கீழைக்காத்து. போரடிக்கிற தூசியெல்லாம் வீட்டுக்குள்ள வரும். எனக்கு எட்டு வயசு, ராத்திரி பூரா இழுக்கும். அப்பா களத்தையே மேற்கே மாத்திட்டார், அந்த அம்மா தெரு வாசலுக்கு. எனக்கு இழுப்பு குறைஞ்சுது. தூசி அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு.”

“அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்றது? உங்க நெஞ்சைக் கெடுத்தது நான்தான்னு சொல்லிட்டு எப்படிப் பஞ்சை நீட்டுறது?”

ஊருக்கெல்லாம் விடுங்க விடுங்க என்று சொன்ன மனுஷர், இந்த ஒன்றை மட்டும் முப்பத்தேழு வருஷமாக உள்ளேயே பிடித்து வைத்திருந்தார். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. என் வாய்க்கு அது பெரிய காரியம்.

அந்த அம்மாவுக்குக் குணமாக வேண்டும் என்ற ஆசைகூட இல்லை. ஆசை வேறு. பண்ணையாள் குடியிருக்கிற மனை அந்த ஆளுக்கே சொந்தம் என்று சர்க்கார் அப்போது சட்டம் கொண்டுவந்திருந்தது. அவள் மனு போட்டிருந்தாள். வாத்தியாரின் அண்ணன் அதை மறுத்திருந்தார். அந்தக் குடிசை விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் இப்போது களத்து ஓரத்தில் கொண்டுவந்து போட்டது என்பது அவர் தரப்பு. தை மாதம் தாசில்தார் நேரில் வந்து விசாரித்துப் பைசல் செய்வதாக நோட்டீஸ் வந்தது. “நான் போறதுக்குள்ள அந்த எடம் எம் மவளுக்குன்னு ஆவணும். ஆனா அங்க போயி நின்னு பேச எனக்கு மூச்சு ஏது?” என்று அழுதாள்.

அதற்குப் பிறகு வாத்தியார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு பாடம். ஒரு மூச்சை விடும்போது மூன்று வார்த்தை. நிறுத்தி, வாங்கி, அடுத்த மூன்று வார்த்தை. “எங்க மாமனார் காலத்துலேருந்து… நாங்க இங்கதான்… குடியிருக்கோம்.” வராந்தாவே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டது. “நானும் வரேன். களம் மாறின வருஷம் அந்தக் குடிசை அங்க இருந்துதுன்னு நான் சாட்சி சொல்றேன்” என்றார். அண்ணனை எதிர்த்தா என்று கேட்டேன். “ஆமா” என்றார். பிறகு, “நீங்களும் ஊசி எடுத்துக்கிட்டு வாங்க சிஸ்டர், அவங்களுக்கு வேண்டியிருக்கும்” என்றார். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு நாள் அனுமதி கொடுத்தார்.

களத்துக்கு மேற்கே, அந்த அம்மாவின் தெரு வாசலில், வேப்ப மரத்தடியில் தாசில்தாருக்கு மேஜை போட்டிருந்தார்கள். களத்தில் போரடி நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வேண்டுமென்றே அன்றைக்கு வைத்துக்கொண்டாரா, அறுவடைக் காலத்தில் அது தானாக அமைந்ததா, எனக்குத் தெரியாது. காற்று கிழக்கிலிருந்து அடித்தது. நெல் சுணையும் தூசும் எங்கள் மேல் வந்து இறங்கின. ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு சாட்சி சொல்ல முடியுமா? வாத்தியார் துண்டை அவிழ்த்துவிட்டு முன்னால் போனார். “இந்தக் களம்…” என்றார். இருமல் பிடித்தது. “இந்தக் களம் முன்ன…” அதற்கு மேல் வரவில்லை. நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

நான் ஊசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தலையை ஆட்டி அந்த அம்மாவின் பக்கம் கையைக் காட்டினார், அவளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. உதட்டைக் குவித்து ஊதப் பார்த்தார். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தது அவருக்கு வரவில்லை.

அண்ணன் மிகவும் அக்கறையாக எழுந்தார். “தம்பிக்குச் சின்ன வயசுலேருந்தே சீக்கு சார். களத்துத் தூசு அறவே ஆகாது. அவனைப் போகச் சொல்லிடுங்க, பாவம்.”

“நீங்க போயி உக்காருங்க சார்” என்றார் தாசில்தாரும்.

அப்போதுதான் அந்த அம்மா எழுந்தாள். கை மேலே போனது. பாதியில் நின்றது. கீழே இறங்கியது. அண்ணனின் முகத்தைப் பார்த்து, மூன்று மூன்று வார்த்தையாக, நாங்கள் மனப்பாடம் செய்யாத ஒன்றைச் சொன்னாள்.

“அந்தச் சீக்குக்குத்தாங்க… களமே இங்க வந்துச்சு. முன்ன கெழக்க இருந்துச்சு. சின்னாண்டைக்கு இழுப்பு வந்துச்சுன்னு… பெரியய்யா இங்க மாத்துனாங்க. மாடு கட்டுற முளைய… எங்க வாசல்லதான் அடிச்சாங்க. அப்பவே நாங்க… இங்க இருந்தோம்.”

தாசில்தார் அண்ணனைப் பார்த்தார். “களம் எந்த வருஷம் மாத்துனீங்க?” அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தம்பியின் சீக்கைப் பற்றி இப்போதுதான் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். தாசில்தார் அந்த அம்மா சொன்னதை எழுதிக்கொண்டார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனசு இருக்காது. மனை அவர்களுக்கே என்று ஆடி மாதம் பட்டா வந்தது. அந்த அம்மா பங்குனியிலேயே எங்கள் வார்டில் போய்விட்டாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஆறுக்கு மேல் எண்ணாதவர், அவள் விட்ட மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை என்று தெரியாமல் பதினேழு வரை எண்ணினார். நான் தோளைத் தொட்டதும் நிறுத்தினார். இன்னும் இரண்டு வருஷம் வராந்தாவுக்கு வந்துகொண்டிருந்தார். அப்புறம் திருவிடைமருதூரில் தங்கை வீட்டோடு தங்கிவிட்டார். அங்கேயிருந்து ஒரு தை மாதம் அவருடைய கருமாதிப் பத்திரிகை வந்தது.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது வருவது விசாரணை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்த மதியம்தான். வாய்க்கால் மதகின் கட்டையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மேட்டூர் அணை மூடப்போகிற சமயம், தண்ணீர் இறங்கி ஓரமெல்லாம் சேறு தெரிந்தது. காற்று அங்கே சுத்தமாக இருந்தது. அவருக்கு இழுப்பு தணிந்திருந்தது.

“உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது” என்றார்.

“தெரியாம என்னங்க? களம் செதுக்கி… மெழுகுனதே நாங்கதானே.”

“இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலையே. என் மேல கோவம் இல்லையா?”

அவள் யோசித்தாள். வாய் பொத்தாமல், அவர் முகத்துக்கு நேரே, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டாள். “நீங்க சின்னப் புள்ள… மூச்சு முட்டுச்சு. மாத்தச் சொன்னாங்க… மாத்துனோம்.” மறுபடி நிறுத்தி, வாங்கி, விட்டாள். “எனக்கும் இடுப்புல… ஒரு பய இருந்தான். எம் மவளுக்கு மூத்தவன். அவனுக்கும் முட்டுச்சுங்க. ரெண்டு அறுப்புதான்… தாங்குனான்.”

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை. அவர் சொல்லிக் கொடுத்தபடியே, அவசரப்படாமல் சொன்னாள்.

வாத்தியாரின் வலது கை மேலே போனது. அவள் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கே தெரிந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கண் மட்டும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையைத் தட்டிவிட்ட எனக்கு, அவர் கையை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் வரும்வரை அவர் அதை எடுக்கவில்லை.